இரண்டு ரிப்போர்ட்டுகள்

என் செல்லக் கழுதைக்கு,

நீ வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து நம் கிழட்டு நாய் உன்னை நினைத்தே ஏங்குகிறது என்று மூன்று கடிதம் எழுதினேன் அல்லவா? அதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

போன மாதம் அதை நாய் டாக்டரிடம் கூட்டிப்போனோம். நாள் முழுக்கத் தூக்கம், நடக்கச் சோம்பல், கொஞ்சமாகச் சாப்பிட்டும் உடம்பு போடுவது, முடி கொட்டுவது என்று நான் அடுக்கினேன்.

"ஏக்கமெல்லாம் இல்ல சார். தைராய்டா இருக்கும்," என்று சொல்லி அவர் ரத்தம் எடுத்தார்.

உன் அம்மா சும்மா இருப்பாளா? "இவருக்கும் அதேதான் டாக்டர். முடி மட்டும் முன்னாடியே கொட்டிடுச்சு," என்றாள். மறுநாளே என்னையும் லேபுக்கு இழுத்துப் போனாள்.

நாய்க்குத் தைராய்டு குறைவுதான். தினமும் மாத்திரை கொடுக்கிறோம். இன்று காலை வாசல்வரை ஓடிப்போய்த் தபால்காரரைப் பார்த்துக் குரைத்துவிட்டு, பெருமையாகத் திரும்பி வந்தது.

எனக்கு எல்லாம் நார்மல். உன் அம்மா ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப உங்களுக்கு என்னதான் பிரச்சினை?" என்றாள். நான் நாய்க்கு மாத்திரை கொடுக்க எழுந்து போய்விட்டேன்.

ஆக, நாய் உன்னைத் தேடவில்லை என்பது உறுதியாகிவிட்டது. ஆனாலும் லீவு கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
நார்மலான அப்பா