நிஸாரின் கையும் பஞ்சுப் பெடலும்

அன்புள்ள நஜ்வா,

குவைத்தில் நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்: நேற்று மதியம், தூங்கிக்கொண்டிருந்த நிஸாரின் கையை மோந்து பார்த்தேன்.

சிரிக்காதே. நிஸார் எங்கள் பட்டறையில் வேலை செய்யும் சிரியாக்காரன். முதலாளி அபூ ஜாசிமின் பழைய பென்ஸ் காருக்கு முன்சக்கரத் தட்டுகளைக் கவ்வி நிறுத்தும் பிரேக் காலிப்பர் இரண்டையும் கழற்றி, புது ரப்பர் போட்டு மாட்டியவன் நான். வியாழக்கிழமை அவர் மகள் கல்யாண ஊர்வலம் அதில்தான். பிரேக் பிடிக்காவிட்டால் என்னை ஊருக்கே அனுப்பிவிடுவார். பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை எத்தனை தடவை வெளியே எடுத்தாலும் பெடல் பஞ்சாக அமுங்கியது. காலிப்பரில் காற்றெடுக்கும் திருகை நிஸார்தான் திருட்டுத்தனமாகத் தளர்த்திக் காற்றை உள்ளே விடுகிறான் என்று சந்தேகம். கையில் பிரேக் ஆயில் வாசனை இருக்குமே! வெங்காயம்தான் மணத்தது.

கண் விழித்தவன், "என்னண்ணே, பெரியவங்களுக்குக் கொடுக்கிற மாதிரி கைக்கு முத்தமா? நான் உங்கப்பா இல்லையே!" என்றான்.

"திருகைத் தளர்த்துறது நீதானே?"

"தரையைப் பாத்துத் தொங்குதே, அந்தத் திருகா? காத்து மேலதாண்ணே ஏறும், திருகு மேல இருந்தாத்தானே வெளிய போகும். வலது காலிப்பரு இடது பக்கம் மாட்டியிருக்கு, பாருங்க!"

மாற்றி மாட்டி மறுபடி காற்றெடுத்தேன். பெடல் கல்லாக நிற்கிறது. ஆனாலும் என்னை மாட்டிவிட ராத்திரியில் இடம் மாற்றியவன் அவன்தான் என்பது என் முடிவு.

காய்ந்த முலூகியா கீரை கொடுத்தனுப்பு. உன் தலையணை உறை ஒன்றும். துவைக்க வேண்டாம். கடிதம் கொண்டுவருபவர் ஹாரன் அடிக்கிறார்.

உன் ஷௌகி

பி.கு.: பட்டறைக்கு ஒரே சாவிதான். ராத்திரியில் பூட்டியபின் அது என் கழுத்தில்தான் தொங்கும்.