விளங்கவில்லை என்று கையெழுத்து வைத்தேன்

பிள்ளை,

காலையில் பொலிஸ்காரர் ஒருவர் நீதிமன்ற அழைப்பாணையைத் தந்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். குற்றஞ்சாட்டப்பட்ட எதிரிகள் நால்வரில் முதல் பெயர் இன்னும் உன்னுடையதுதான். நீ காய்ச்சலில் செத்துப்போய் எட்டு மாதமாகிறது. கடுதாசியை மேசையில் வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்று உங்கள் பல்கலைக்கழக வளாக மண்டபத்தில், வாவிக்கரை இறால் பண்ணைகளை ஆதரித்துப் பேச வந்திருந்தேன். கையில் பன்னிரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்திலேயே நீங்கள் நால்வரும் எழும்பி, சாப்பாட்டுத் தட்டுகளில் கரண்டியால் அடிக்கத் தொடங்கிவிட்டீர்கள். என்னைப் பேச விடாதது பிழைதான். இன்றைக்கும் அதில் நான் இறங்கி வரமாட்டேன். உன்னைப் போலவே நானும் பிடிவாதக்காரன்.

ஆனால் ஒரு கட்டத்தில் நீ மட்டும் அடிப்பதை நிறுத்திவிட்டு, மேடைக்குக் கிட்ட வந்து கத்தினாய்.

"சேர், பண்ணைத் தண்ணியத் திறந்து விட்ட அடுத்த நாள் எங்கட மீனெல்லாம் ஏன் செத்து மிதந்த?"

வெறும் கூச்சல் போட்டுக் கூட்டத்தைக் குழப்பினீர்கள் என்று நிர்வாகம் முறைப்பாடு கொடுத்தது. என்ன சொல்லிக் கத்தினாள் என்று பொலிஸில் கேட்டார்கள். ஒரே கூச்சல், விளங்கவில்லை என்றேன். எழுதி வாசித்துக் காட்டினார்கள், கையெழுத்து வைத்தேன். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியிருந்தது, பிள்ளை. சபை நடுவே பட்ட அவமானம், வேறொன்றுமில்லை.

பிறகு ஒரு தவணை நாளில் நீதிமன்ற வாசலில் உன்னைக் கண்டேன். வழக்கு முடியும்வரை பட்டம் தரமாட்டார்களாம் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். முகத்தைத் திருப்பப் பார்த்தேன், நீ விடவில்லை. மிச்சப் பேச்சைப் பேசி முடித்துவிட்டேனா என்று விசாரித்தாய். வேறு இரண்டு மண்டபங்களில் பேசிவிட்டேன் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நல்லம் சேர். நான் கேட்டதுக்குத்தான் இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல்ல" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன் ஊர் பனிச்சங்கேணிக்கு, உன் செத்த வீட்டுக்கும் வந்தேன். உன் அப்பா கதிரை எடுத்துப் போட்டார். கையில் வலை வெட்டிய தழும்புகள். மகளுக்குப் படிப்பித்தவரா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். அங்கேயும் பொய்தான்.

உனக்கு இனி ஒன்றும் செய்ய இயலாது. மற்ற மூவரும் இன்னும் தவணைக்குத் தவணை பஸ் ஏறி வருகிறார்கள். அதனால் சாட்சிக் கூண்டில் ஏறி, அன்று விளங்கியது என்று சொல்லப் போகிறேன். பொய் வாக்குமூலம் என்று வழக்கு என்மேல் பாய்ந்தால் பாயட்டும். உன் கேள்வியை நீ கேட்ட மாதிரியே, ஒரு சொல் விடாமல் சொல்வேன்.

அதற்குப் பதில் என்ன என்று நீதவான் கேட்டால், அதையும் சொல்வேன். அது எனக்கு அன்றைக்கே தெரியும், பிள்ளை.