எரிந்த மலைச்சரிவில் நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற மீண்டும் அனுமதி வேண்டுதல்

அனுப்புநர்:
ஜெ. சுபலட்சுமி, பட்டு நெசவாளர்,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
அரசு நடுநிலைப் பள்ளி, ஆரணி.

பெறுநர்:
உயர்திரு வனச்சரக அலுவலர் அவர்கள்,
வனச்சரக அலுவலகம், திருவண்ணாமலை மாவட்டம்.

பொருள்: சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகள் மலைச்சரிவுக்கு வர விதிக்கப்பட்ட தடையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற கோடையில் சந்தவாசலை ஒட்டிய மலைச்சரிவு எரிந்தபோது, காத்தாயி என்பவரின் ஆட்டுப்பட்டியும் எரிந்தது. அவர் ஆரணி அரிசி ஆலைக்கு வேலைக்கு வந்து, மகளை எங்கள் பள்ளியில் சேர்த்தார். அப்பெண் வகுப்பில் வாய் திறக்கவில்லை; சத்துணவுக் கூடத்தில் புகை எழுந்தால் வெளியே ஓடிவிடுவாள். அந்த மலையில் மரம் நடலாமா என்று முதலில் கேட்டவர்கள் அவள் வகுப்புப் பிள்ளைகளே.

2. தங்கள் அனுமதியுடன் புங்கன், நாவல் கன்றுகளை நட்டு, சனிக்கிழமைதோறும் பெற்றோர் முறைவைத்துப் பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துச் சென்று தண்ணீர் ஊற்றி வந்தோம். தறியில் பழுதான இடத்தில் வேற்று நிற நூல் கட்டி அடையாளம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அவ்வாறே, வாடிய கன்றுகளில் பிள்ளைகள் சிவப்புப் பட்டு நூல் கட்டினர். மறுவாரம் முதல் குடம் அவற்றுக்கே.

3. படவேட்டுக் கோயிலுக்கு நடந்து செல்வோர் அதனை வேண்டுதல் நூல் எனக் கருதிவிட்டனர். மஞ்சள் கயிறு சேர்ந்தது, குங்குமம் சேர்ந்தது. தை வெள்ளியன்று ஒருவர் கற்பூரமும் ஏற்றிவிட்டார். காய்ந்த புல்லில் பற்றிய நெருப்பை வனக்காவலர் திரு. வேடியப்பன் தம் சட்டையைக் கழற்றி அடித்து அணைத்தார். மறுநாள் நாங்கள் சென்றபோது, “நான் காட்டப் பாத்துகினு இருக்கறதா, உங்க சாமியப் பாத்துகினு இருக்கறதா? இனிமே யாரும் வராதீங்கம்மா” என்றார். அவர் கூறியதில் நியாயம் உண்டு. அவர்மீது எமக்குப் புகார் ஏதுமில்லை.

4. நூல்கள் அனைத்தையும் அன்றே அவர் முன்னிலையில் அவிழ்த்துவிட்டோம். இனி மூங்கில் குச்சி மட்டுமே ஊன்றுவோம். வெள்ளிக்கிழமைகளில் பெற்றோர் இருவர் பாதையோரம் நின்று கற்பூரம் ஏற்றாமல் பார்த்துக்கொள்வர்.

5. நடும் நாளில் பலர் வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டனர். பங்குனி வெயிலில் குடம் சுமக்க எங்களைத் தவிர எவரும் இல்லை என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன். ஆகவே, கன்றுகள் ஆளுயரம் வளரும்வரை, வனக்காவலரின் மேற்பார்வையில் நாங்கள் தண்ணீர் ஊற்ற அனுமதி அளிக்குமாறு வேண்டுகிறேன்.

6. முதலில் பேருந்தைவிட்டு இறங்கவே மறுத்த காத்தாயியின் மகள், பின்னர் ஒரு நாவல் கன்றைத் தனதென்று ஏற்றுக்கொண்டாள். தடைக்குப் பின்னும் சனிக்கிழமை காலையில் குடத்துடன் என் வாசலில் வந்து நிற்கிறாள். இன்று போகலாமா என்று வாய் திறந்து கேட்கிறாள். அவளுக்கு யான் சொல்லவேண்டிய பதிலைத் தாங்களே எழுதித் தர வேண்டும்.

இடம்: ஆரணி
நாள்: பங்குனி 3

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
ஜெ. சுபலட்சுமி
(எவர் உதவியுமின்றி என் கைப்பட எழுதியது)