நாகையாவுக்கு மனப்பாடமான எங்கள் பெயர்கள்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
18 நவம்பர் 1945

அன்புள்ள மகள் கிருபைமணிக்கு, அம்மா பவுனம்மாள் எழுதிக்கொண்டது. கர்த்தர் தயவால் இங்கே நாங்கள் உயிரோடும் ஓரளவு சதையோடும் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்கக் கேட்டுக்கொள்கிறோம். சொல்வது அம்மா, எழுதுவது உன் தம்பி சுண்டு. ஆகவே நல்ல வார்த்தைகளெல்லாம் அம்மாவுடையவை, பிழைகளெல்லாம் பேனாவுடையவை.

முதற்கண் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நீ நர்ஸ் படிப்புக்கென்று நாகர்கோவிலுக்குக் கப்பலேறியபோது பன்னிரண்டு வயதுப் பொடியனாயிருந்த எனக்கு இப்போது மேலுதட்டில் மீசை உதயமாகியிருக்கிறது. மொத்தம் பதினொரு மயிர். அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, “போடா, அது விளக்குக் கரி, மூஞ்சியக் கழுவு” என்றாள். கழுவிய பிறகும் ஒன்பது மிஞ்சியது. சாயங்கால ஜெபத்தை இப்போது நடத்துவது நான்தான் என்பதையும், இந்த வீட்டில் அழாத ஒரே ஆள் நான்தான் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள். அம்மா இப்போது தலையில் குட்டுகிறாள். “விளையாண்டது போதும், எழுதுடா” என்கிறாள்.

நாலு வருடம் கழித்து உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. தினமும் சாயங்காலம் அப்பா, அம்மா, சுண்டு என்று வீட்டு வரிசைப்படியே பெயர் சொல்லி ஜெபிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நான் அதைப் படித்தபோது அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அக்கா, அப்பா இல்லை. சுற்றி வளைத்துப் பேச எனக்கு எத்தனையோ வழி தெரியும், இதற்கு ஒன்றும் உதவவில்லை. 1943 ஏப்ரலில் ஜப்பான்காரன் ரயில்வே தச்சுப்பட்டறை ஆட்களை சயாமில் தண்டவாளம் போடவென்று கூட்டிப்போனான், மூன்றே மாதம் என்றான். அப்பா உளிப்பையும் வேதப்புத்தகமும் எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு ஒரு வரி வரவில்லை. இங்கே அரிசியும் இல்லை. காலையில் வள்ளி, மத்தியானம் வள்ளி, ராத்திரி வள்ளி, அந்த முருகனுக்கே இவ்வளவு வள்ளி கிடைத்திருக்காது, எங்களுக்கு மரவள்ளியாய்க் கிடைத்தது. அதைத் தின்றுவிட்டு தினமும் அப்பா பெயரைத்தான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் வாசலில் ஒரு மனிதர் வந்து நின்றார். இடுப்பில் சாக்குத்துணி, உடம்பில் எலும்பு. பிச்சைக்காரர் என்று நினைத்து, “ஒண்ணுமில்லண்ணே, போயிட்டு வாங்க” என்றேன். அவர் போகாமல் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டு, “பவுனு. கிருபை. சுண்டு. கிருபைக்கு வரப்போற மாப்பிள்ள, அவன் யாராயிருந்தாலும்” என்றார். அப்பா ஜெபத்தில் சொல்லும் அதே வரிசை, நீ வெட்கப்பட்டுக் கண்ணைத் திறந்துவிடுவாயே, அந்தக் கடைசி வரி உட்பட. அவர் பெயர் நாகையா, கிள்ளான் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சயாமில் ஒரே கொட்டகையில் அப்பாவுக்கு அடுத்துப் படுத்தவர். ஜூலை மழையில் வாந்திபேதி வந்து இரண்டே நாளில் அப்பா போய்விட்டார். “ரெண்டு மூங்கில குறுக்கக் கட்டி நட்டு வச்சேம்மா, அதுக்கு மேல உங்க வழக்கம் எனக்குத் தெரியல. மூணு மாசமா கேட்டுக் கேட்டு உங்க பேரெல்லாம் மனப்பாடம் ஆயிருச்சு. அண்ணன் போனப்புறம் பொழுது சாஞ்சா வாய் சும்மா இருக்கல, யாராச்சும் சொல்லணுமேன்னு நானே சொல்லிக்கிட்டு வந்தேன். உங்க சாமிகிட்டதான் சொன்னேன், எங்க முருகன் கோவிச்சுக்கல” என்றார். அம்மா அழவில்லை. “சாப்பிட்டியா தம்பி” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சாயங்காலம் மூன்று பேரும் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். அப்பா பெயர் நாக்கு நுனிவரை வந்து அம்மா நின்றுவிட்டாள். இறந்தவர்களுக்காகக் கேட்கும் வழக்கம் நம் சபையில் இல்லையே. எனக்குத் தாங்கவில்லை. “ரெண்டு வருசமும் மூணு மாசமும் யாருக்கும்மா கேட்டோம்? ஆளில்லாத வீட்டுக்குக் கடுதாசி போட்ட மாதிரி” என்று கத்தினேன். அம்மா திட்டவில்லை. “அவரத் தனியா விட்டுராதேன்னுதானடா கேட்டேன், விடலையே” என்று நாகையா அண்ணனைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடி, “ஆண்டவரே, அவர எடுத்துக்கிட்டீர், எனக்கு அது பிடிக்கல. ஆனா இந்தப் புள்ளய அவர் பக்கத்துல படுக்க வச்சீரே, அதுக்கு ஸ்தோத்திரம்” என்றாள். அன்றிலிருந்து அப்பா பெயரைக் கேட்பதில் சொல்வதில்லை, நன்றியில் சொல்கிறாள்.

உனக்கும் அதையே சொல்லச் சொல்கிறாள். அப்பாவுக்காக நீ ஜெபித்த நாட்கள் வீண் என்று எண்ணி ஜெபத்தை விட்டுவிடாதே. முதல் வாரம் நாக்கு பழைய வரிசைக்கே போகும், போகட்டும், ஆண்டவருக்குப் புரியும். கோபம் இருந்தால் கோபத்தையும் அவரிடமே சொல், முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போகாதே. நாகையா அண்ணன் மறுநாளே தன் மனைவி மக்களைத் தேடி கிள்ளானுக்குப் போனார், இன்னும் செய்தி இல்லை. இனி நம் வரிசையில் முதல் பெயர் அவருடையது. அழுதுகொண்டு கப்பல் தேடி ஓடி வராதே, படிப்பை முடி. வெறும் வயிற்றோடு வார்டுக்குப் போகாதே. நம்மை விடாத கர்த்தர் உன் தலைமேல் கை வைத்துக் காப்பாராக.

இப்படிக்கு,
அம்மா பவுனம்மாள், கைநாட்டு

அக்கா, அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள், இது நான் மட்டும் எழுதுவது. ஜெபத்தை நான் நடத்துவதாக மேலே அளந்தேனே, அதை அடித்துவிடு. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு விளக்கேற்றினாலே நான் எழுந்து வெளிக்குழாயடிக்குப் போய்விடுவேன். உன் கடிதம் வந்த அன்றுதான் மறுபடி உள்ளே உட்கார்ந்தேன். எல்லாம் அம்மாதான் சொன்னாள். நான் சொன்னது ஒரே ஒரு ஆமென், அதையும் அழுதுகொண்டேதான் சொன்னேன்.