கழுவாத ஓடுகள்

12.1.1984

பொங்கலுக்கு வள்ளி தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கிறாள். எஸ்டேட் லைன் வீட்டுச் சனம் முழுக்க அவள் அப்பா, கணக்கெழுதும் ரைட்டர், வீட்டு வாசலில்தான். "வெயில்ல நொம்ப கறுத்துப் போச்சு, பாவம்" என்றாள் அம்மா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது.

சேலத்தில் ஒன்றாக விலங்கியல் படித்தோம். ஒரே வேலைக்கு, ஒரே நாளில் நேர்முகத் தேர்வு. மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். ஆனால் அங்கே பதில் தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. அவள் கடல் ஆராய்ச்சிக்குப் போனாள். நான் இங்கே ஆறாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறேன்.

14.1.1984

வள்ளி ஓர் உடைந்த படகுப் பலகை கொண்டுவந்திருக்கிறாள். அதில் கொட்டலசு, படகடியில் ஒட்டி வளரும் கடல் பிராணி, வெள்ளைக் கூம்பு கூம்பாக.

"சின்னதுல நீந்தும், புள்ள. அப்புறம் ரெண்டு கொம்பை ஊனி ஊனி நடந்து எடம் பாக்கும். புடிச்சுப் போச்சுன்னா தலையைக் கவுத்துப் பசையை உட்டு ஒட்டிக்கும். ஆயுசுக்கும் நகராது. சோறு அள்ளறதே காலாலதான்!"

காலை உதைத்துக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஆனால் ஆராய்ச்சிக்காக அவள் துறைமுகத் தண்ணீரில் தொங்கவிடும் கூரை ஓடுகளில் ஒரு கொட்டலசுகூட ஒட்டவில்லையாம். மார்ச்சுக்குள் ஒட்டாவிட்டால் அவளுடைய அதிகாரி வேலையை நிறுத்திவிடுவார்.

15.1.1984

பலகையை வாங்கி வந்து லென்ஸில் பார்த்தேன். கடுகளவுக் குஞ்சுகள் பெரியவற்றைச் சுற்றியே இருக்கின்றன. பெயர்ந்து விழுந்தவற்றின் வெள்ளைத் தழும்பின் மேலும். வெறும் மரத்தில் ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் கேட்டேன்: "ஓட்டைத் தண்ணியில உடறதுக்கு முந்தி என்ன பண்ணுவே?"

"கடல்ல கெடந்து கரை ஒதுங்குன பழைய ஓடுதான். ஒரு தழும்பு இல்லாம ஆசிட் ஊத்தித் தேச்சுருவேன். ஏன்?"

"சும்மாதான்."

தெரிந்துவிட்டது. தன் இனம் இருந்த இடத்தில்தான் அது உட்காருகிறது. அவள் அந்த அடையாளத்தைத்தான் கழுவி விடுகிறாள். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

17.1.1984

வள்ளி பஸ் ஏறினாள். ஜன்னலிலிருந்து, "உனக்கு ஏதாச்சும் தோணுச்சாடி?" என்றாள். தலையை ஆட்டினேன், இல்லையென்று.

20.2.1984

வள்ளியின் கடிதம். இன்னும் ஒட்டவில்லை. வேலை போனால் அவள் அப்பா கல்யாணத்தை முடித்துவிடுவாராம்.

"ஏன் கண்ணு தானா சிரிக்கறே?" என்றாள் அம்மா. சிரித்தேனா நான்?

21.2.1984

சீ.

23.2.1984

மூன்று வரி எழுதிப் போட்டேன். ஓட்டைக் கழுவாதே, தழும்போடு தொங்கவிடு, பலகையில் பார்த்தேன். நலமா என்று கேட்கவில்லை.

15.3.1984

பதில் இல்லை. கிழித்துப் போட்டிருப்பாளோ? கிழிக்கட்டுமே — எனக்கென்ன?

2.4.1984

வள்ளியின் கடிதம். ஒரே ஓட்டில் அறுபத்தொன்று ஒட்டியிருக்கிறதாம்! அவளுக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை. "நான் கண்டுபிடிச்ச மாதிரி சார்கிட்டச் சொல்லிட்டேண்டி. பயத்துல வந்துருச்சு. யாருகிட்டயும் சொல்லிராதே."

நான் யாரிடம் பேசியிருக்கிறேன், இதைச் சொல்வதற்கு? அது அவளுக்கும் தெரியும். அதுதான் எரிகிறது.

5.4.1984

அவளுடைய அதிகாரிக்கு எழுதினேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பலகையில் எது எங்கே ஒட்டியிருந்தது என்று படம் போட்டு, பார்த்த தேதியையும் எழுதினேன். ஒரு கேள்வியும் கேட்டேன்: செத்து எத்தனை நாளான தழும்பு வரைக்கும் குஞ்சுகள் தேடி வரும்? கீழே, அ. பூவாயி, பி.எஸ்ஸி.

30.4.1984

பதில் என் பெயருக்கே வந்தது. கேள்விக்கு விடை அவருக்கும் தெரியவில்லையாம். ஜூன் மாதம் நேரில் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

வள்ளியிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோயிற்று.