ஊற்றுக்கு மேலே ஒரு வீடு

ஏப்ரல் 6, ஞாயிறு

மலையிலும் வெயில். காலையிலேயே தகரம் சுடுகிறது.

வீடு கட்டும் இடத்தில் போர்வெல் போட்டாயிற்று. அடிவாரத்து போர் வண்டி வளைவுகளில் திணறித் திணறி ஏறிய கதையை இவர் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறார். முதலில் வெறும் புழுதி, அப்புறம் சேறு, அப்புறம் தண்ணீர். இனிப்பான தண்ணீர். ஒரு குடம் பிடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார், இந்த வயதில்.

இடம் மாமனார் விட்டுப்போன பங்கு. ஊருக்கு மேலே, சரிவில். அங்கே நின்றால் ஊர்க் கூரைகள் தெரியும். இடையில் ஊற்று, ஊர் முழுக்கத் தண்ணீர் எடுக்கும் இடம். குடம் மோதும் சத்தம் மேலே வரை கேட்கிறது.

எனக்கு வேண்டியவை: கிழக்கே பார்த்த சமையலறை ஜன்னல். ஒழுகாத கூரை. உள்ளேயே குளியலறை. மருந்துப் பெட்டிக்குக் கரப்பான் ஏறாத அலமாரி.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, நான் நர்சாக இருக்கும் துணை சுகாதார நிலையத்துப் பின்னறையில்தான் குடித்தனம். வௌவால் நாற்றம். சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து யாராவது ஊசிக்கு வந்து நிற்பார்கள். நமக்கென்று ஒரு கதவு வேண்டும் என்று இவரை நச்சரித்தது நான்தான்.

புளி உடைக்க வரச்சொல்லி ஊருக்குள்ளிருந்து பொன்னியின் மாமியார் கூப்பிட்டார். போகவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

பேஸ்மட்டம் முடிந்து சுவர் எழும்புகிறது. சுவர் இறுக, காலையும் மாலையும் தண்ணீர் காட்ட வேண்டும் என்று மேஸ்திரி. அதுபோக ஜல்லி கழுவ, கலவைக்கு, ஆட்கள் குளிக்க. நாளெல்லாம் மோட்டார் ஓடுகிறது. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

மதியம் ஊருக்குள் போனேன். இரண்டு குழந்தைக்குத் தடுப்பூசி, பாட்டி ஒருவருக்குப் புண் கட்டு. திரும்பும்போது ஊற்றருகே பெண்கள். குடத்தை அமிழ்த்தி எடுக்கும் இடத்தில் சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெயில் காலம், அப்படித்தான் என்றாள் ஒருத்தி. என்னைப் பார்க்காமல் சொன்ன மாதிரி இருந்தது. நானாக நினைத்துக்கொள்கிறேனோ.

இரத்தச்சோகை மாத்திரை தீர்ந்துவிட்டது. புதூர்நாடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. சாமைச் சோறு, பலாக்கொட்டைக் குழம்பு. இவருக்கு ஜீப்பில் இரண்டு சவாரி.

சாப்பிடும்போது கேட்டேன். நம் போருக்கும் ஊற்றுக்கும் சம்பந்தம் இருக்குமா என்று. கோடையில் வருஷா வருஷம் குறைவதுதான், தான் பிறந்ததிலிருந்து பார்ப்பதாகச் சொன்னார். இங்கேயே பிறந்தவர். அவருக்குத் தெரியாதா. நம்பினேன். நம்ப வேண்டும் போல இருந்தது, நம்பினேன்.

ஏப்ரல் 17, வியாழன்

ஊற்றில் தண்ணீர் இல்லை. ஈரமண்ணில் தேனீக்கள்.

பெண்கள் இப்போது காட்டுக்குள் இறங்கி ஓடைக்குப் போகிறார்கள். இறக்கம் போவது சுலபம். நிறைகுடத்தோடு ஏறி வர வேண்டும்.

பொன்னிக்கு ஏழாம் மாதம். தலைப்பிள்ளை. அவள் புருஷன் காப்பித் தோட்ட வேலைக்குக் கர்நாடகா போயிருக்கிறான், மாமியாருக்கு முட்டி வலி. பொன்னியின் காலில் லேசாக வீக்கம். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: பாரம் தூக்காதே, தண்ணீர் நிறையக் குடி.

அவள் தலையாட்டிக்கொண்டே எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தேன்.

ஏப்ரல் 19, சனி

சண்டை. மோட்டாரை நிறுத்திப் பார்ப்போம் என்றேன். பச்சைச் சுவர், தண்ணீர் காட்டாவிட்டால் வெடித்துவிடும் என்றார். ஊர் ஏதாவது கேட்டதா, நீயாக ஏன் இழுத்து வைத்துக்கொள்கிறாய் என்றார். கடைசியில்,

"வூடு வேணும்னு நீதான கேட்ட."



ஏப்ரல் 22, செவ்வாய்

இவர் ஞாயிறன்று கோயில் சவாரிக்குப் போனார். வர இரண்டு நாள் ஆகும். அவர் போனதும் மோட்டார் சூடாகிவிட்டது, ஓட்டக் கூடாது என்று மேஸ்திரியிடம் பொய் சொல்லி நிறுத்தினேன்.

நேற்று ஊற்றில் மண் கருத்திருந்தது. இன்று காலை உள்ளங்கை அளவு தேங்கியிருந்தது. குனிந்து விரலை வைத்தேன். கீழிருந்து சுரப்பது விரலில் தெரிந்தது.

ஆக, நாங்கள்தான்.

மேலே ஏறி வந்தால் சுவரில் மயிரிழை போல விரிசல். சமையலறை ஜன்னலுக்கு அடியில். மேஸ்திரி தடவிக் காட்டினார், இன்னும் ஒரு நாள் போனால் இடித்துத்தான் கட்ட வேண்டும் என்றார்.

போட்டுவிட்டேன். மோட்டாரை நானே போட்டுவிட்டேன். சுவர் இறுகும் வரைக்கும்தான் என்று சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் இவர் வந்து, எல்லாம் சரியாகப் போகிறதா என்று கேட்டதற்கு ஆமாம் என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

எழுத உட்கார்ந்து வெகுநேரம் ஆகிறது.

பொன்னி விழுந்துவிட்டாள். ஓடையிலிருந்து ஏறும் வழியில், குடத்தோடு. நான் ஓடிப் போனபோது பாறையில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். புடவையில் இரத்தம். முகம் வெளுத்து, ஆனாலும் குடம் உடைந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் குடம். உடையவில்லை.

நல்லவேளை இவர் ஜீப்போடு ஊரில் இருந்தார். திருப்பத்தூருக்கு இறங்கினோம். பின் சீட்டில் அவள் தலை என் மடியில், மாமியார் காலடியில். குழந்தையின் துடிப்பு பார்த்தேன், பிடிபடவில்லை. வண்டி ஆடியதாலா, இல்லையா. மறுபடி பார்த்தேன். மாமியார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கிறது, இருக்கிறது என்றேன். துடிப்பு காதில் விழாமலேயே சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன். துடிப்பு இருக்கிறது. குழந்தை நன்றாக இருக்கிறது, தாய் சில நாள் படுத்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். வெளியே வந்து மாமியாரிடம் சொன்னேன்.

மாமியார் என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ இல்லன்னா ரெண்டு உசுரும் போயிருக்கும்மா."

திரும்பும் வழியில் இவரிடம் எல்லாம் சொன்னேன். மோட்டாரை நிறுத்தியது, சுரந்தது, தெரிந்தே திரும்பப் போட்டது. வளைவில் வண்டியை ஓரம் கட்டினார். திட்டுவார் என்று பார்த்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஊற்று வற்றிய அன்றே தனக்கும் தோன்றியது என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 26, சனி

வேலை நின்றது. மேஸ்திரி சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். மழை வந்து ஊற்று எழும்பும்வரை சுவரைத் தொடுவதில்லை என்று முடிவு. ஜன்னல் உயரத்தில் நிற்கிறது.

நேற்று முழுக்க இவர் தனியாக ஓஸ் பைப்பைச் சரிவில் இறக்கி, ஊற்றருகே உள்ள ஊர்த் தொட்டிக்குக் கொண்டுபோனார். காலையில் மோட்டார் போட்டதும் தொட்டியில் விழுந்தது. பெண்கள் வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏன் இப்போது, ஏன் முன்னமே இல்லை, ஒன்றும். கேட்டிருந்தால் தேவலை.

இவர் சாப்பிடவில்லை. "கீழ போய்டலாம் கவிதா. ஒடுகத்தூர்ல உங்கம்மா வூட்டுப் பக்கமா எதனா பாத்துக்கலாம். இவங்க மொகத்துல எப்டி முழிக்கிறது?"

நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாறுதல் கேட்டால் கிடைக்கும். இவ்வளவு நாள் கேட்காததுதான் ஆபீசில் அதிசயம். சரி என்றேன். சொன்னதும் கொஞ்சம் தூக்கம் வந்தது. அதுவும் உறுத்துகிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

மேகம் கட்டி, பெய்யாமல் போனது.

பொன்னியை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. இவர்தான் அழைத்து வந்தார். சாயங்காலம் போனேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மாமியார் வெளியே இவரோடு பேசிக்கொண்டிருந்தார். துடிப்பு பார்த்தேன். குதிரை ஓடுவது போல. ஸ்டெதாஸ்கோப்பை அவள் காதிலும் வைத்துக் கேட்க வைத்தேன், சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு சொல்லாமல் வர முடியவில்லை. உங்கள் ஊற்று எங்கள் போரால்தான் வற்றியது, எனக்குத் தெரிந்தும் ஓடவிட்டேன், அதனால்தான் நீ ஓடைக்குப் போனாய் என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

அவள் சிரிப்பு போயிற்று.

"ஊத்து வத்துனது உங்க போராலன்னு ஊருக்கே தெரியும் நர்சம்மா. வண்டி வந்துட்டுப் போனப்பவே பேசிக்கினாங்க."

பிறகு ஏன் ஒருவரும் வந்து கேட்கவில்லை என்றேன்.

"கேக்கலாம்னுதான் எங்க மாமியா கெளம்புச்சி. மத்தவங்கதான் வேணாம்னாங்க. முன்ன இருந்த நர்சுங்கல்லாம் வாரத்துக்கு ஒரு வாட்டி வந்துட்டு பஸ்ல எறங்கிடுவாங்க. நீங்க வூடே கட்றீங்க. கட்டிட்டா இங்கியே இருப்பீங்க. தண்ணி மழ பேஞ்சா வந்துடும்னாங்க."

மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க தெரிஞ்சே ஓட்டுனீங்கன்றது எனக்குத் தெரியாது. அது கஷ்டமாத்தான் கீது."

இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவள் கையில் சுற்றினேன். சுற்றுவதற்குக் கையைத் தந்தாள்.

"போய்ட மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்" என்றேன்.

வெளியே இவர் ஜீப்பைக் கிளப்பிவிட்டு எனக்காகக் காத்திருந்தார். கீழே போகவில்லை என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.