திரும்பி வந்த காய்ச்சல்

அக்கா,

நேற்று ஏற்காடு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்க வரிசையில் நின்றிருந்தேன். உள்ளே யாருக்கோ வைக்க, புது ஆக்சிஜன் மாஸ்க்கின் உறையைக் கிழித்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் வாசனை வந்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மாத்திரை வாங்காமலே ஊர் திரும்ப வெள்ளக்கடை பஸ்ஸில் ஏறிவிட்டேன். வழியெல்லாம் உங்களோடுதான் பேசிக்கொண்டு வந்தேன்.

அந்த வருஷம் காப்பிப் பழம் பறிக்கிற சமயத்தில் நம் எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கக் காய்ச்சல். எனக்கு வந்தது, போனது. உங்களுக்கும் வந்தது. மிளகு ரசம் குடித்துப் படுத்திருந்தீர்கள். காய்ச்சல் விட்டதும் தலைக்குக் குளித்துவிட்டு, கூடையோடு எனக்குப் பக்கத்து வரிசையில் வந்து நின்றீர்கள். கை பறித்துக்கொண்டிருக்க, வாய் ஓயாமல் கோமதியின் வளைகாப்பைப் பற்றியே பேசியது. திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்த உங்கள் ஒரே மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். கட்டுச்சோறு எத்தனை வகை என்பதில் நமக்குள் சண்டைகூட வந்தது.

இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை கட்டிலே ஆடும்படி குளிர். மூச்சு விட்டால் விலாவில் குத்துகிறது என்றீர்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிறுத்தினீர்கள். துப்பிய சளி துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் இருந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். மாமா காலமானபிறகு வீட்டில் உங்களோடு வர வேறு ஆளில்லை, நான்தான் ஏறினேன். மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் என் கையை இறுக்கினீர்கள்.

சேலம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். முதலில் வந்த ஃப்ளூ நுரையீரலைப் பலவீனமாக்கிவிட்டதாம். அதன்மேல் வேறொரு கிருமி புகுந்து, இரண்டு பக்கமும் நிமோனியாவாம். கோமதி கிளம்பிவிட்டாள் என்று நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. பிள்ளை சுமப்பவளுக்கு இந்தக் காய்ச்சல் தொற்றினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, கிட்டே விடாதீர்கள் என்றார்.

அவர் நகர்ந்ததும் நீங்கள் ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கினீர்கள்.

"அவள உள்ள உடாத கண்ணு." மூச்சு வாங்கியது. "நான் சொன்னேன்னு சொல்லிராத. பெத்தவளே வேண்டாம்னுட்டாளேன்னு காலத்துக்கும் அழுவா. நீ சொன்னதாவே இருக்கட்டும்."

போனில் முகத்தையாவது காட்டுங்கள் என்றேன். இந்தக் கோலத்தைப் பார்த்தால் ஓடி வந்துவிடுவாள் என்று போனைத் தள்ளிவிட்டீர்கள்.

கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மாஸ்க் போட்டுக்கொண்டு கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினாள். நர்ஸம்மாவுக்கே மனசு இளகி என்னைப் பார்த்தார். நான் முடியாது என்றேன்.

"எங்கம்மாவப் பாக்க வேண்டாங்கறதுக்கு நீங்க யாருங்க, சின்னம்மா?"

உங்கள் கட்டில் கதவுக்கு அதிக தூரமில்லை. நான் உள்ளே வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தீர்கள். முதுகு குலுங்கியது. இருமலா அழுகையா என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் ஐசியூவுக்குக் கொண்டுபோய்க் குழாய் வைத்தார்கள். சில நாள் போராடினீர்கள். ஒரு மத்தியானம் முடிந்துபோனது. கோமதி உங்களைப் பார்த்தது வெள்ளைத் துணிக்குள்தான். சுற்றி நின்றவர்கள் எதிரில் அவள் என் பக்கமே திரும்பவில்லை.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான், அக்கா. உங்கள் மூக்கு அவனுக்கு. அவன் பிறந்ததையும் நடை பழகியதையும் பிறர் சொல்லித்தான் கேட்டேன்.

போன மாதம் மாரியம்மன் கோயில் நோம்பிக்கு அவள் தன் பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். பையனைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அம்மா கடைசியாக என்ன பேசினார்கள் என்று கேட்டாள்.

குழாய் வைப்பதற்குமுன் நீங்கள் பேசியதைச் சொன்னேன். "'கோமதி சாப்பிட்டாளா'ன்னு கேட்டாங்க கண்ணு."

பையன் என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தான்.

"அப்பிடிக் கேட்டவங்களப் பாக்க, ஏனுங்க என்னை உடல?"

'உள்ள உடாத' என்ற உங்கள் பேச்சு என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே என் பாரம் இறங்கியிருக்கும். அது அவள் தலையில் போய் ஏறியிருக்கும்.

"எனக்குப் பயமா இருந்துச்சு கண்ணு," என்றேன்.

அவள் பையன் காலிலிருந்து என் செருப்பைக் கழற்றி, ஓரமாக வைத்துவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நான் சொன்னது பொய்யில்லை, அக்கா. பயமாகத்தான் இருந்தது. மீதியை இன்னும் வைத்திருக்கிறேன். மறுபடி வந்து கேட்டாளென்றால் அப்போதும் அதே பதிலைச் சொல்ல எனக்குத் தெம்பிருக்குமா, தெரியவில்லை.